ஆற்று மீனா, கடல் மீனா? மட்டக்களப்பு, அம்பாறை மீன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் மீன் வாங்கப் போனால் விலைக்கு முன்னால் வரும் கேள்வி, "இது ஆத்து மீனா, கடல் மீனா?" என்பதுதான். வாவியை ஆறு என்றே சொல்லிப் பழகிய ஊர் இது. அந்த ஒரு கேள்வியிலிருந்து வேறு பல கேள்விகள் கிளைக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் கேட்பவை, தோணிக்காரர்கள் கேட்பவை, பாலத்தில் நின்று தூண்டில் போடுபவர்கள் கேட்பவை எல்லாம் இங்கே இருக்கின்றன. ஒழுங்கு பார்த்து அடுக்கவில்லை. வேண்டியதை மட்டும் வாசிக்கலாம்.

ஆற்று மீன், கடல் மீன், குளத்து மீன் என்று பிரிப்பது சரிதானா?

கறிக்குச் சரி. ருசி உண்மையிலேயே மாறும். மீனின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தப் பிரிப்பு பாதிதான் பொருந்தும். வாவியில் பிடிபடும் மணலை முட்டையிடுவது கடலில். பால்மீனும் அப்படியே: கடலில் பிறந்து, கண்ணாடி ஊசி போன்ற குஞ்சாக முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, வாவியின் பாசியைத் தின்று வளர்ந்து, பெருத்ததும் திரும்பிப் போய்விடும். கொடுவா முகத்துவாரத்தை அண்டிய உப்புத் தண்ணீரில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் வாவிக்கும் கண்டல் காட்டுக்கும் வந்து சேரும். விலாங்கும் இதே வழிதான். ஆழ்கடலில் பிறந்து, ஆற்றிலும் குளத்திலும் பல வருடம் வளர்ந்து, முட்டையிட மட்டும் கடலுக்குத் திரும்பும்.

ஆகவே தட்டில் கிடக்கும் "ஆற்று மீன்" பல நேரம் வாவிக்கு வளர வந்த கடல் பிள்ளைதான். விரால், பனையேறிக் கெண்டை போன்றவைதான் உண்மையான குளத்து மீன்கள். அவற்றுக்குக் கடல் தேவையில்லை.

வாவித் தண்ணீர் மார்கழியில் நன்னீர், ஆவணியில் உப்பு. மீன் எப்படித் தாங்குகிறது?

இதுதான் முழு விஷயத்தின் மையம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு லீட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். குளத்து நீரில் கிராமைத் தொடாது. எலும்புள்ள மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்பு, எங்கே வாழ்ந்தாலும், கடல் நீரில் உள்ளதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். மாங்காய்த் துண்டை உப்பில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, கடலில் நீந்தும் மீனுக்கு ஒவ்வொரு நிமிடமும் நடப்பது அதுதான். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட அது கடல் நீரையே குடிக்கிறது. குடித்த உப்பைச் செவுளில், அதாவது நாம் பூ என்று சொல்லும் அந்தச் சிவந்த இழைகளில், இருக்கும் தனிப்பட்ட கலங்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீர் மிகக் குறைவு.

குளத்து மீனுக்கு எல்லாம் தலைகீழ். தண்ணீர் தானாகவே உடம்புக்குள் புகுந்துகொண்டிருக்கும். அதனால் அது குடிப்பதில்லை என்றே சொல்லலாம். நீர்த்த சிறுநீரை ஓயாமல் வெளியேற்றும். இழந்த உப்பை அதே பூவினால் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

வாவியில் நிலைக்கும் மீன் இந்த இரண்டு வேலையும் தெரிந்தது. தண்ணீரின் உப்பு கூடினால் பூவில் உள்ள கலங்கள் உப்பைத் தள்ளும் பக்கம் திரும்பும், குறைந்தால் உறிஞ்சும் பக்கம் திரும்பும். இந்த மாற்றத்தை இரத்தத்தில் ஓடும் ஓமோன்கள் நடத்துகின்றன. முழுதாக மாறச் சில மணி நேரம் முதல் சில நாள் வரை எடுக்கும். மழை பெய்து தண்ணீர் மெல்ல மெல்ல நன்னீராகும்போது மீன் சமாளித்துவிடும். ஒரே இரவில் மாறினால்தான் சிக்கல்.

வாவியின் நடுப்பகுதியில் உப்பு பல நேரம் கடலின் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கும். அது மீனின் இரத்தத்துக்கு நெருக்கமான அளவு. அந்தத் தண்ணீரில் உப்போடு மல்லுக்கட்டும் செலவு மிகக் குறைவு, மிச்சச் சக்தி வளர்ச்சிக்குப் போகும். குஞ்சுகள் இங்கே வந்து வளர்வதற்கு இரையும் ஒளிவிடமும் தவிர இதுவும் ஒரு காரணம்.

சுறா, திருக்கை இரண்டும் வேறு வழி பிடித்தவை. உடம்பில் யூரியாவைத் தேக்கிவைத்துக் கடலோடு சமன் செய்துகொள்கின்றன. சுறாக் கறியைச் சரியாகக் கழுவாவிட்டால் வரும் அந்த வாடைக்குக் காரணம் இந்த யூரியாதான்.

அப்படியானால் வாவி மீனைக் கிணற்றிலோ குளத்திலோ விட்டு வளர்க்கலாமா?

கொடுவாவும் பால்மீனும் நன்னீரில் வளரும், ஆனால் இனம் பெருகாது. கொண்டுவந்த தண்ணீரோடு குளத்துத் தண்ணீரையும் சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். பொலித்தீன் பையைத் திறந்து அப்படியே கொட்டினால் பாதி போய்விடும். அப்புறம் கொடுவாவுக்கு மற்ற மீன் குஞ்சுகள்தான் சாப்பாடு என்பதையும் மறக்கக் கூடாது.

முகத்துவாரம் வெட்டுவது மீனுக்கு நல்லதா, கெட்டதா?

ஒவ்வொரு மாரியிலும் வரும் சண்டை இது. மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலோடு சேர்வது இரண்டே இடத்தில்: மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே பெரியகல்லாறு. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் வந்து தானே உடைக்கும், அல்லது மனிதர் வெட்டிவிடுவார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வைத்திருப்பவருக்கு வாய் சீக்கிரம் திறக்க வேண்டும், பயிர் தண்ணீரில் நிற்கிறது. வாவியில் வலை வீசுபவருக்குத் தண்ணீர் கொஞ்ச நாள் நின்றால் நல்லது.

மீனுக்குக் கதவு திறக்கத்தான் வேண்டும். திறக்காவிட்டால் கடலில் பிறந்த மணலைக் குஞ்சும் பால்மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வர வழியில்லை, முதிர்ந்தவை வெளியே போக வழியில்லை. நீண்ட நாள் மூடிக் கிடந்த வாவியில் கடல் இனங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, திலாப்பியா போன்ற சிலதே மிஞ்சும்.

தண்ணீர் போதிய அளவு ஏறுவதற்கு முன் வெட்டினால் என்ன நடக்கும்? வாவி மட்டம் மளமளவென்று இறங்கும். கரையோரப் புல்லுக்குள்ளும் கண்டல் வேருக்குள்ளும் இருந்த குஞ்சுகள் திறந்த ஆழத்துக்குத் தள்ளப்படும். அங்கே கொடுவாவும் நீர்க்காகமும் காத்திருக்கும். சில குஞ்சுகள் சேற்றுக் குழியில் மாட்டிக் காய்ந்து போகும். அதோடு உப்பு நீர் வேகமாக உள்ளே ஏறும்.

என் அபிப்பிராயத்தில் வெட்டுவதா வேண்டாமா என்ற வாதம் வீண். எப்போது, எந்த மட்டத்தில் என்பதைப் பேசவேண்டும். அந்தப் பேச்சில் விவசாயியின் குரல் கேட்கும் அளவுக்கு மீனவரின் குரல் கேட்பதில்லை. மீனின் சார்பில் பேச யாருமே இல்லை.

குளம் வற்றியபின் விரால் எங்கே போகிறது? முதல் மழையோடு வயலில் மீன் வருகிறதே, வானத்திலிருந்து விழுகிறதா?

விழவில்லை. அங்கேயேதான் இருந்தது, அல்லது நடந்து வந்தது.

விராலுக்குப் பூவுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் ஓர் அறை இருக்கிறது. வளர்ந்த விரால் காற்று எடுத்தே ஆகவேண்டும். மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். குளம் வற்றும்போது ஈரச் சேற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கி, உடம்பு காயாமல் அசையாது கிடக்கும். மண்வெட்டியால் சேற்றைப் புரட்டும்போது கறுத்த முதுகு ஒன்று வழுக்கி நெளிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பனையேறிக் கெண்டை இன்னும் துணிச்சல்காரன். செவுள் மூடியில் இருக்கும் முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்குப் போகும். ஈரமான இரவானால் மணிக்கணக்காக வெளியே தாங்கும். சுங்கானுக்கு முதுகுப் பக்கமாக நீளும் இரண்டு காற்றுப் பைகள். அதன் முள் குத்தினால் கை கடுக்கும், அது தனிக் கதை.

முதல் மழையில் வாய்க்காலும் வரம்பும் நிரம்பியதும் இவை எல்லாம் வயலுக்குள் ஏறும். புதுத் தண்ணீரில் இரை நிறைய, எதிரி குறைவு, முட்டையிட ஏற்ற இடம். களைநாசினியும் பூச்சிநாசினியும் தெளித்த வயலில் இந்தக் காட்சி குறைந்துகொண்டு வருவதற்கு விளக்கம் தேவையில்லை.

விரால் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் பக்கத்தில் தூண்டில் போட்டால் தாய் விரால் நிச்சயம் கொத்தும் என்கிறார்கள். சரியா?

சரி. கொத்தும். பசியால் கொத்துவதல்ல, குஞ்சைக் காக்க வரும் கோபம். குளத்து ஓரத்தில் ஆம்பலும் புல்லும் ஒதுங்கிய இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பது போல் மேலே வந்து காற்றெடுத்து மறையும். உற்றுப் பார்த்தால் அதற்குக் கீழே ஒரு கை ஆழத்தில் பெரிய நிழல் ஒன்று வட்டமிடும். அந்த நிழலைத் தூக்கிவிட்டால் சில மணி நேரத்தில் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரை. ஒரு விராலுக்காக ஒரு தலைமுறையை இழப்பது கெட்டித்தனமான மீன்பிடி இல்லை.

கொடுவா ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறும் என்பது உண்மையா?

உண்மை. பெரும்பாலான கொடுவாக்கள் முதல் சில வருடம் ஆண். அதன்பின் பெரும்பகுதி பெண்ணாகிவிடும். பெரிய உடம்பில் நிறைய முட்டை கொள்ளும் என்பதால் இயற்கைக்கு இது இலாபக் கணக்கு. நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆள் உயரக் கொடுவா பிடிபட்டால் படம் எடுத்துக் கொண்டாடுகிறோம். அது அநேகமாக முட்டையிடும் பெண். வாவியில் சின்னதை எல்லாம் தங்கூசி (நைலோன் இழை) வலை அள்ளிவிட்டால் ஆணும் மிஞ்சாது.

பாசிக்குடாப் பக்கப் பவளப்பாறையில் கடல் சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீனுக்கும் இதே வழக்கம். கூட்டத்தில் பெரியது பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகும்.

வாவியில் மீன் கூட்டமாகச் செத்து மிதந்தால் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

சில வேளை. பெரும்பாலும் மூச்சுத் திணறல். சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடித்துவைக்கும். 20 பாகையில் ஒரு லீட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் வைத்திருக்கும், 30 பாகையில் ஏறத்தாழ ஏழரை. உப்பு நீரில் இன்னும் குறைவு. பகலில் பாசி ஒட்சிசனைத் தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலைதான் மிக மோசமான நேரம். காற்றில்லாத புழுக்கமான இரவு, அழுகும் ஆற்றுவாழை, முதல் வெள்ளத்தோடு வந்து சேரும் கழிவு எல்லாம் ஒன்றுசேர்ந்தால் காலையில் கரை நாறும்.

பார்த்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. விரால், சுங்கான் போன்ற காற்றெடுக்கும் மீன்கள் தப்பி மற்றவை செத்திருந்தால் ஒட்சிசன் குறைவு என்று சந்தேகிக்கலாம். நண்டு, தவளை, காற்றெடுக்கும் மீன் எல்லாமே சேர்ந்து செத்திருந்தால் நஞ்சு. இரண்டிலும் அந்த மீனைச் சமைக்கக் கூடாது. யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

மட்டக்களப்பு வாவியில் இருப்பதாகச் சொல்லும் பாடும் மீன் உண்மையா, கதையா?

சத்தம் உண்மை. கோடையில், நிலாக் காலத்தில், கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதியில் தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. நீரில் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். துடுப்பு அதைக் காதுக்குக் கொண்டுவரும். பிரித்தானிய ஆட்சி அதிகாரியான சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848-இல் இங்கே வந்து அதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு மீனவர்கள் காட்டியது மீனை அல்ல, ஊரியை, அதாவது ஒருவகை நீர் நத்தையை.

ஊரி பாடும் என்பதை நான் ஏற்கவில்லை. அதற்கு ஒலி எழுப்பும் உறுப்பு கிடையாது. மீனுக்கு உண்டு. கத்தாளையும் கீளியும் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து உறுமும். தூண்டிலில் ஏறிய கீளியைக் கையில் பிடித்தால் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரியும். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் ஒருவகை மீனின் ஆண், பெண்ணை அழைக்க இரவு முழுக்க ஒரே சுருதியில் முனகும். படகு வீடுகளில் இருப்பவர்கள் தூக்கம் கெட்டுப் புகார் சொன்னது பிரசித்தம். கலங்கிய தண்ணீரில் கண்ணால் துணை தேட முடியாது. ஒலி அதற்குச் சரியான வழி.

இப்போது பாலத்தில் போகும் வாகனச் சத்தமும் இயந்திரப் படகுச் சத்தமும் தண்ணீருக்குள்ளும் போகிறது. நமக்குக் கேட்காமல் போனது மட்டுமல்ல, மீனுக்கே கேட்காமல் போயிருக்கலாம்.

கண்டலை வெட்டினால் கடல் மீன் குறையுமா?

குறையும். கண்டல் வேர்களுக்கு இடையில் பெரிய மீன் நுழைய முடியாது. குஞ்சுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. உதிர்ந்த இலை அழுகும், அதைத் தின்னும் நுண்ணுயிரை இறாலும் சிறு மீனும் தின்னும். அந்தச் சேற்றிலேயே தத்தித் திரியும் ஒரு சின்ன மீனும் உண்டு. கண்கள் தலை உச்சியில், முன் செட்டைகளைக் கை மாதிரி ஊன்றி நடக்கும், தோலும் வாயும் ஈரமாக இருக்கும் வரை வெளியே சுவாசிக்கும். பொத்துவில் களப்பில் கண்டல் பார்க்கத் தோணியில் போனால், யானையைத் தேடுவதை விட்டுக் கொஞ்சம் சேற்றையும் பாருங்கள்.

திலாப்பியா நம் மீனைத் தின்று அழித்துவிட்டதா?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஜப்பான் மீன் என்று பலரும் சொல்லும் இது ஆபிரிக்காவிலிருந்து 1952-இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கே இயற்கை ஏரி என்று பெரிதாக இல்லை. சேனாநாயக்க சமுத்திரம் முதல் உன்னிச்சைக் குளம் வரை எல்லாம் மனிதர் கட்டியவை. நம் நன்னீர் மீன்கள் ஓடும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. அகன்று தேங்கிய தண்ணீரின் நடுப்பகுதி கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. திலாப்பியா அந்த இடத்தைப் பிடித்தது. குளத்து மட்டம் இறங்கும்போது கரையில் தட்டுத் தட்டாகப் பள்ளங்கள் தெரியுமே, அவை ஆண் தோண்டிய கூடுகள். பெண் முட்டையை வாயில் எடுத்துக் காப்பாற்றும். உப்பையும் தாங்கும், கழிவையும் தாங்கும். அம்பாறையின் உள்ளூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மலிவான புரதம் அதுதான்.

வாவியில் விஷயம் வேறு. அங்கே இடம் காலியாக இல்லை. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீன் நம் வாவியிலும் உண்டு. தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையை விசிறிக் காக்கும் மீன் அது. அதற்கும் திலாப்பியாவுக்கும் இரையிலும் கூட்டிடத்திலும் போட்டி.

பெரிய அணைகள் மீனுக்கு என்ன செய்தன?

குளம் தந்தன, வழியை அடைத்தன. பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை எழுந்தபின் மேலே ஏறிய விலாங்குக் குஞ்சின் பாதை மாறியது. குட்டி விலாங்கு ஈரச் சுவரில் ஓரளவு ஏறும். பெருத்த விலாங்கு இறங்கிக் கடலுக்குப் போவதுதான் கடினம்.

ஹெர்மஸ் கப்பலில் இவ்வளவு மீன் எப்படி வந்தது?

1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. சுற்றிலும் மணல் வெளி. மணலில் ஒளிய இடமில்லை, பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ளக் கடினமான பரப்பும் இல்லை. இரும்பு இரண்டையும் கொடுத்தது. சிப்பியும் மென்பவளமும் ஒட்டின, சிறு மீன் வந்தது, அதைத் தேடிக் கலவாயும் பாரையும் வந்தன. அந்த ஆழத்தில் சிவப்பு ஒளி போவதில்லை. மேலே கொண்டுவந்தால் பளிச்சென்று சிவந்திருக்கும் மீன் அங்கே கறுப்பு நிழல்தான். நிறம் அதற்கு மறைவு.

கரைவலைக்கு மாரியில் சூடையும் நெத்தலியும் ஏன் வருவதில்லை?

வாடைக்காற்றில் கரைக்கடல் கலங்கி அடிக்கும், வலை இழுக்கவே முடியாது. மீனும் கரையை விட்டு ஒதுங்கும். பங்குனி பிறந்து கடல் படிந்ததும் திரும்பும்.

ஒரு மீன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, தலைக்குள்ளேயே. கத்தாளையின் தலையை உடைத்தால் வெள்ளைக் கல் இரண்டு இருக்கும். அது காதுக் கல். மீன் வளர வளர அதில் படலம் படலமாகச் சுண்ணாம்பு சேரும். வெட்டித் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வயது தெரியும். கடல் நீரில் ஸ்ட்ரொன்ஷியம் அதிகம், நன்னீரில் பொதுவாகக் குறைவு. எந்தப் படலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் எந்த வயதில் கடலில் இருந்தது, எப்போது உள்ளே வந்தது என்று சொல்லலாம். விலாங்கு, கொடுவா பற்றி மேலே எழுதியதில் கணிசமான பகுதி இப்படித் தெரிந்துகொண்டதே.

வீட்டு மீன்தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட மீனை வாவியில் விடலாமா?

வேண்டாம். தொட்டிக் கண்ணாடியைச் சப்பித் துப்புரவாக்கும் அந்தக் கவச உடம்புக்காரன் தென்னமெரிக்காக்காரன். இலங்கையின் நன்னீர் நிலைகளில் ஏற்கெனவே பரவித் தொல்லை கொடுக்கிறான். வலையைக் கிழிப்பான், காசுக்கு உதவ மாட்டான், காற்றும் எடுப்பான் என்பதால் கெட்ட தண்ணீரிலும் சாகமாட்டான். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாமல் தென்னை அடியில் ஊற்றிவிடுங்கள். அதில் முட்டையும் நோயும் இருக்கலாம்.